தேனீ நுழையாத கூண்டில் விதையில்லா வெள்ளரி

மாடியில் பசுமைக்குடில் போட்டு வெள்ளரி வைக்கிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் விதைப் பாக்கெட். வீட்டில் இருந்த நாட்டு வெள்ளரி விதையைப் போட்டுவிட்டு, சுற்றி வலையும் கட்டிவிடுவார்கள். கொடி ஏறும், பூ பூக்கும், பிஞ்சு சுண்டுவிரல் நீளத்தில் மஞ்சளாகி உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுவார்கள். குறை உரத்தில் இல்லை. நாட்டு வெள்ளரிக்குத் தேனீ வேண்டும், வலை அதைத் தடுத்துவிட்டது.

விதையில்லா வெள்ளரிக்கு இது அப்படியே தலைகீழ். மகரந்தம் படாமலே சூல்பை காயாகத் திரள்வது அந்த ரகத்தின் பிறவிக் குணம். வாழைக்காய் இப்படித்தான் உண்டாகிறது. ஃபிரிட்ஸ் நோல் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1902இல் இதற்குப் பார்த்தினோகார்ப்பி என்று பெயர் வைத்தார். காயை வெட்டினால் நடுவில் வெள்ளையாக மெல்லிய பொட்டுகள் தெரியும். அவை விதையாகாமல் நின்றுபோன சூல்கள். இந்தச் செடியில் தேனீ வந்து மகரந்தத்தைத் தடவினால் காய் கெட்டுப்போகாது, ஆனால் நுனி உருண்டையாக உப்பும், உள்ளே விதை கட்டும். விதை கட்டிய ஒரு காய் அடுத்தடுத்து வரும் பிஞ்சுகளையும் அமுக்கிவிடும்.

ஆகவே வலை தடுக்க வேண்டியது வெள்ளரி மகரந்தத்தை. பக்கத்து மாடியில் பூசணி, பாகல், பீர்க்கு இருந்தால் கவலை வேண்டாம், அவற்றின் மகரந்தம் வெள்ளரியில் விதை பிடிக்காது. நாட்டு வெள்ளரி இருந்தால்தான் வம்பு. குடிலுக்குள்ளேயே நாட்டு வெள்ளரி ஒன்றும் இதில் ஒன்றும் வைக்கலாமே என்று தோன்றும், வைக்கக்கூடாது. விதையில்லாத் தர்ப்பூசணியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மும்மடிய இனம் (குரோமோசோம் மூன்று தொகுதியாக உள்ளது), காய் பிடிக்கப் பக்கத்தில் விதையுள்ள தர்ப்பூசணிச் செடி மகரந்தம் தந்தாக வேண்டும்.

விதையே இல்லாத காய்க்கு விதை எங்கிருந்து வருகிறது? இந்த ரகங்களில் ஏறக்குறைய எல்லாப் பூவும் பெண்பூ. விதை உற்பத்தி செய்பவர்கள் சில வரிசைச் செடிகளில் சில்வர் தயோசல்ஃபேட் கரைசலைத் தெளிப்பார்கள். அது எத்திலீன் என்ற தாவர ஹார்மோனின் வேலையைத் தடுக்க, பெண்செடியே ஆண்பூ விடும். அந்த மகரந்தத்தைத் தொட்டுத்தான் விதை. விலை ஏன் அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம். எண்ணித்தான் விற்பார்கள், எடை போட்டு அல்ல. ஒரு விதைக்கு ஒரு செடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரகம் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியக் கடைகளில் பிளாஸ்டிக் உறை போட்டுக் கிடக்கும் முழ நீளக் காய் நம் சமவெளி வெயிலுக்குச் சிரமம். 14 முதல் 16 சென்டிமீட்டரில் பறிக்கும் குட்டை வகையே சரி. இஸ்ரேலில் உள்ள பெய்த் ஆல்ஃபா என்ற கூட்டுப்பண்ணையின் பெயரால் இந்த வகையைக் குறிப்பிடுவார்கள். தோல் மெல்லிசு, சீவ வேண்டாம். புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா பார்த்தினோகார்ப்பிக் வெள்ளரி-6 இந்த வரிசையில் வருவதுதான், காய் சுமார் 105 கிராம். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களும் உண்டு. தனியார் வீரிய ஒட்டு வாங்கினால் பாக்கெட்டில் பார்த்தினோகார்ப்பிக் என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'ஹைபிரிட்' என்று மட்டும் போட்டிருந்தால் அது தேனீ கேட்கும் சாதாரண வெள்ளரியாக இருக்கலாம்.

குடில்: கண்ணாடிப் பெட்டி அல்ல

நெதர்லாந்தில் குடில் போடுவது குளிருக்கு. நமக்கு அது வேண்டாம். சென்னையிலோ மதுரையிலோ நான்கு பக்கமும் பாலிதீன் மூடிய சிறு குடிலுக்குள் ஏப்ரல் மதியம் 45 டிகிரியைத் தாண்டிவிடும். வெள்ளரிக்குப் பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் 18 முதல் 20 இருந்தால் சுகம். 35க்கு மேல் போனால் பிஞ்சு உதிரும், பெண்பூச் செடியில்கூட ஆண்பூ தலைகாட்டும். எனவே சமவெளியில் வேண்டியது மேலே மழைக்குப் பாலிதீன், பக்கங்களில் பூச்சி வலை. அதாவது கூரை போட்ட வலைக்கூண்டு. ஓசூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் பக்கங்களில் சுருட்டி ஏற்றும் பாலிதீன் திரையும் வைத்துக்கொள்ளலாம், இரவில் இறக்கிவிட.

10 அடிக்கு 12 அடி என்ற அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பில் சட்டம், ஓரத்தில் 7 அடி, நடுவில் 9 அல்லது 10 அடி உயரம். உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கூரைக்கும் கொடியின் உச்சிக்கும் இடையில் இரண்டு அடி காலியாக இருந்தால்தான் சூடான காற்று செடியின் தலையை விட்டு மேலே நிற்கும். முகட்டில் கூரையின் ஒரு பாதியை இன்னொன்றின் மேல் ஒரு அடி உயர்த்தி, அந்த இடைவெளியில் வலை அடித்துவிட்டால் சூடு தானே வெளியேறும். மின்விசிறி இல்லாமலே வேலை நடக்கும்.

கூரைக்கு 200 மைக்ரான் புற ஊதாக் கதிர் தாங்கும் பாலிதீன். பால்போல ஒளியைச் சிதறடிக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், கீழ் இலைக்கும் வெளிச்சம் போகும். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரண நீலத் தார்ப்பாயும் வெள்ளை ஷீட்டும் ஒரு கோடைக்குள் பொடிந்துவிடும். பாலிதீன் கிழிவது பெரும்பாலும் சுடுகிற பைப்பின் மேல் படியும் கோட்டில்தான். பைப்பின் மேற்புறத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்தாலோ வெள்ளைத் துணிப்பட்டி சுற்றினாலோ ஆயுள் கூடும்.

ஷீட்டைப் பிடிக்க ஆணி, கட்டுக்கம்பி வேண்டாம். அலுமினிய புரொஃபைல் பட்டையும் அதற்குள் அழுத்தும் ஜிக்ஜாக் ஸ்பிரிங்கும் பசுமைக்குடில் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். பட்டையின் பள்ளத்தில் ஷீட்டை மடித்து வைத்து, ஸ்பிரிங்கை இடதும் வலதுமாக ஆட்டி ஆட்டி உள்ளே தள்ளினால் கவ்விக்கொள்ளும். கழற்றுவதும் அதே சுலபம். புயல் எச்சரிக்கை வந்தால் ஷீட்டை முதல் நாளே உருவி மடித்து வைத்துவிடலாம் என்பதற்காகவே இதை வலியுறுத்துகிறோம். மாடியில் ஷீட்டுடன் நிற்கும் குடில் ஒரு பெரிய பட்டம். சட்டத்தின் நான்கு மூலைகளையும் கைப்பிடிச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தளத்தைத் துளைத்து போல்ட் போட்டால் அங்கேதான் அடுத்த மழைக்கு ஒழுகும்.

வலை 40 மெஷ். அதாவது ஒரு அங்குலத்துக்கு 40 கண். தேனீக்கு இவ்வளவு நெருக்கம் தேவையில்லை. வெள்ளை ஈக்காகத்தான் இது. 50 மெஷ் போட்டால் இன்னும் கொஞ்சம் பூச்சி நிற்கும், காற்றும் நிற்கும். சின்னக் குடிலில் காற்றுதான் முக்கியம் என்பது எங்கள் கட்சி. கதவு எப்படி இருந்தாலும் உள்ளே ஒரு திரை தொங்கட்டும், கீழே தரையில் புரளும் நீளத்துக்கு. 35 சதவீத நிழல்வலையை மார்ச் முதல் ஜூன் வரை மட்டும் கூரைக்கு மேலே விரித்தால் போதும். ஆண்டு முழுக்கப் போட்டுவைத்தால் ஐப்பசி, கார்த்திகையின் மங்கிய வெளிச்சத்தில் பிஞ்சுகள் வெளிறி நிற்கும்.

மாடியின் பாரம் பற்றிப் பயம் நியாயமானது, கணக்கு ஆறுதலானது. 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரம் உள்ள பையில் சுமார் 20 லிட்டர் கலவை கொள்ளும். நனைந்த தென்னை நார்த்தூள் என்றால் 12 முதல் 14 கிலோ. பன்னிரண்டு பை வைத்தாலும் 170 கிலோவுக்குள். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. 11 சதுர மீட்டரில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தண்ணீருக்கு வைக்கும் 200 லிட்டர் டிரம் 200 கிலோவை ஓரிடத்தில் வைக்கிறது. அதைச் சுவரோ பீமோ இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

பையும் கலவையும்

மண் கலவையில் வளரும், ஆனால் வெள்ளரிக்கு வேர்முடிச்சு நூற்புழு பெரிய எதிரி. ஒருமுறை மண்ணோடு வந்துவிட்டால் குடிலை விட்டுப் போகாது. அதனால் தென்னை நார்த்தூளே எங்கள் தேர்வு. 5 கிலோ கட்டி ஊறினால் 65 முதல் 70 லிட்டர் வரும், மூன்று பைக்குச் சரி. கழுவாமல் போடாதீர்கள். கடலோரத் தென்னை நாரில் உப்பு நிறைய இருக்கும். தண்ணீர் விட்டு, வடித்து, மறுபடி விட்டு, வடியும் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பு) அளவு விட்ட தண்ணீரை நெருங்கும்வரை கழுவவேண்டும். கடைசிக் கழுவலில் 10 லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு இரவு ஊறவிட்டு வடித்தால், நாரில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் விலகிக் கால்சியம் உட்காரும். இதைச் செய்யாத கலவையில் முதல் மூன்று வாரம் இளம் இலைகளின் ஓரம் கீழ்நோக்கிக் குடைபோல் கவிழும். செடிக்குக் கொடுக்கிற கால்சியத்தை நாரே பிடித்துக்கொள்கிறது என்பதுதான் காரணம்.

பத்துப் பங்கு நாருக்கு இரண்டு பங்கு நன்றாக மக்கிய மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு மேசைக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை. வெளிப்புறம் வெள்ளையாக உள்ள பையே வேண்டும். கறுப்புப் பை மே மாத வெயிலில் வேரை வேகவைக்கும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தளத்தின் சூடு நேரே ஏறாது, கசிவும் உலரும்.

நாற்று

குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். 28 டிகிரி அளவில் மூன்று, நான்கு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு வராவிட்டால் தண்டு நூலாக நீண்டு சாயும். 12 முதல் 15 நாளில், இரண்டாவது உண்மையிலை விரியும்போது நடவேண்டும். இதற்கு மேல் தட்டில் வைத்தால் வேர் சுருண்டுவிடும், வெள்ளரி வேர் உடைவதைப் பொறுக்காது. கத்தரி, தக்காளி நட்ட பழக்கத்தில் தண்டை ஆழமாகப் புதைப்பது அடுத்த தவறு. வெள்ளரியில் வேர்க்கட்டியின் மேல்தளம் கலவைக்கு அரை அங்குலம் மேலே துருத்தி நிற்கட்டும். தண்டடி ஈரமாகவே இருந்தால் பித்தியம் பூஞ்சை வந்து ஒரே நாளில் செடி மடிந்து படுக்கும். சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவானையும் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் குத்துங்கள்.

பைக்கு ஒரு செடி. செடிக்குச் செடி ஒன்றரை அடி, நடைபாதை மூன்று அடி. 10க்கு 12 குடிலில் 16 செடி தாராளமாக நிற்கும், ஆனால் ஒரே நாளில் 16 நடவேண்டாம். ஒரு செடி மூன்று மாதத்தில் 3 முதல் 5 கிலோ தரும். எல்லாம் சேர்ந்து காய்க்கும் வாரங்களில் பச்சடி, கூட்டு, மோர்க்குழம்பு, அக்கம்பக்கத்து வீடு எல்லாம் போதாது. ஆறு செடி, ஐந்து வாரம் கழித்து இன்னொரு ஆறு என்று வைத்தால் நான்கு பேர் வீட்டில் கூடை வற்றாது. சமவெளியில் ஜூலையும், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரியும் விதைக்க நல்ல காலம். மார்ச் கடைசியில் விதைத்து மே மாதத்தில் காய் எடுப்பதைப் பற்றி யாராவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்வோம்.

கொடி ஏற்றம், கணுக்கணக்கு

இந்தப் பயிரின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மற்ற எல்லாமே ஓரளவு மன்னிக்கும்.

7 அடி உயரத்தில் கம்பி இழுத்து, ஒவ்வொரு செடிக்கும் ஒரு கயிறு தொங்கவிடுங்கள். கயிறு 7 அடியோடு முடியாமல் மேலே கொக்கியில் இன்னும் 10 அடி சுற்றி வைத்திருக்கவேண்டும். ஏன் என்று கீழே வரும். தண்டடியில் முடிச்சு இரண்டு விரல் நுழையும் தளர்வில் இருக்கட்டும், இறுக்கினால் தண்டு பருக்கும்போது அறுக்கும். கொடியைக் கயிற்றில் சுற்றும்போது எப்போதும் ஒரே திசை. ஒரு நாள் வலம், மறுநாள் இடம் என்று சுற்றினால் காயின் பாரத்தில் முழுக் கொடியும் சரிந்து கீழே வந்துவிடும். இலைக்காம்புக்குக் கீழே பிளாஸ்டிக் கிளிப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, ஒரு சாணுக்கு ஒன்று.

ஒவ்வொரு கணுவிலும் நான்கு பொருள் வரும்: இலை, பெண்பூ அல்லது பூக்கொத்து, பக்கக் கிளை, பற்றுக்கம்பி. கீழிருந்து முதல் ஐந்து அல்லது ஆறு கணுவில் இலையை மட்டும் விட்டுவிட்டு மீதி மூன்றையும் கிள்ளிவிட வேண்டும். பூவோடு பிஞ்சு விரல் மொத்தத்தில் நிற்கும்போது கிள்ள மனசு வராது. வராமல் விட்ட செடியைப் பக்கத்தில் கிள்ளிய செடியோடு ஒரு மாதம் கழித்து நிறுத்திப் பாருங்கள். விட்டதில் கீழே நான்கு காய், அதற்கு மேல் மெலிந்த தண்டு, சின்ன இலை, மேலே வரும் பிஞ்செல்லாம் மஞ்சள். இந்த ரகம் மகரந்தத்துக்குக் காத்திருப்பதில்லை, இலை இருக்கிறதா வேர் இருக்கிறதா என்று பார்க்காமல் காய்த்துக்கொண்டே போகும். அதன் அவசரத்துக்கு நாம்தான் கடிவாளம்.

ஏழாவது கணுவிலிருந்து கணுவுக்கு ஒரு காய். கொத்தாக வரும் ரகத்தில் வெயில் நன்றாக இருக்கும் மாதங்களில் இரண்டு விடலாம். மழை மூட்டம் நான்கு நாள் தொடர்ந்தால் ஒரு கணு விட்டு ஒரு கணுவுக்கு ஒன்று என்று குறைத்துவிடுங்கள். நாம் குறைக்காவிட்டால் செடியே குறைத்துக்கொள்ளும், ஆனால் முக்கால் வளர்த்த காயைத்தான் கைவிடும். பக்கக் கிளைகளை ஒரு அங்குலத்தில் விரலாலேயே ஒடிக்கலாம், ஒரு அடி வளரவிட்டால் கத்தி வேண்டும், காயமும் பெரிது. இந்த வேலையைக் காலையில் செய்தால் மாலைக்குள் காயம் உலர்ந்துவிடும். பற்றுக்கம்பியையும் விடாதீர்கள், அது பக்கத்துப் பிஞ்சைச் சுற்றி நெரித்து அதை வளைத்துவிடும்.

கொடி கம்பியைத் தொட்டதும் உச்சியைக் கிள்ளி, மேலிருக்கும் இரண்டு பக்கக் கிளைகளைக் குடைபோல் கீழே தொங்கவிடுவது ஒரு முறை. நேரம் இல்லாதவர்களுக்கு அது போதும். தொடர்ந்து நேரான காய் வேண்டுமென்றால் கொடியை இறக்கவேண்டும். மேலே சுற்றி வைத்த கயிற்றை வாரத்துக்கு ஒரு அடி, ஒன்றரை அடி அவிழ்த்துவிட்டு, இலை எடுத்த அடித்தண்டைப் பையைச் சுற்றி வளையமாகப் படுக்க வைப்பது. இறக்கும் வேலை மாலையில். காலையில் தண்டு தண்ணீர் குடித்து விறைப்பாக இருக்கும், படக்கென்று ஒடியும். வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம் துவண்டு கை சொன்னபடி வளையும். அடியிலை எடுக்கும்போது ஒரு செடியில் 15 இலைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் உரமும்

நாற்று நட்ட வாரத்தில் நாளுக்கு அரை லிட்டர் போதும். காய்ப்பில் இருக்கும் செடி 2 லிட்டர், சுள்ளென்ற வெயிலில் 3 லிட்டர் குடிக்கும். முழுவதையும் காலையில் ஊற்றினால் பாதி வடிந்துபோகும். மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான் வைத்து 10 நிமிடம் வீதம் ஆறு முறை விட்டால் 2 லிட்டர் ஆச்சு. சூரியன் வந்து ஒரு மணி நேரம் கழித்து முதல் முறை, மறைய இரண்டு மணி நேரம் முன்பே கடைசி முறை. பேட்டரியில் ஓடும் குழாய் டைமர் வாங்குங்கள், கரண்ட் போனாலும் நேரம் மாறாது. மேல்நிலைத் தொட்டி தலைக்கு மேல் 10 அடி உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் 0.3 பார்தான். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு நீர் விடும், 1 பார் கேட்கும் அழுத்தச்சீர் சொட்டுவான் அதில் சரியாகத் திறக்காது, சாதாரண சொட்டுவானோ மைக்ரோ டியூபோ போடுங்கள். தளத்தில் வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் மதியம் முதலில் வரும் தண்ணீர் கை சுடும். குழாயைப் பைகளின் நிழலோரமாக இழுத்து, வெள்ளைத் துணி சுற்றுங்கள்.

நீர் போதுமா என்று இலையைப் பார்த்துச் சொல்லமுடியாது. மதிய வெயிலில் வெள்ளரி இலை எப்படியும் கொஞ்சம் தொய்யும். ஒரு பைக்கு அடியில் தட்டு வைத்து, நாள் முடிவில் வடிந்ததை அளந்து பாருங்கள். விட்டது 2 லிட்டர் என்றால் 300 முதல் 400 மில்லி வடியவேண்டும். ஒன்றுமே வடியாவிட்டால் உப்பு தேங்குகிறது. வடிந்த நீரின் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், மில்லிசீமன்ஸ்/செ.மீ. கணக்கில்) விட்டதைவிட 1 கூடுதலாக இருந்தால் ஒரு நாள் உரமில்லாத தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

உரக் கரைசல் 100 லிட்டருக்கு: கால்சியம் நைட்ரேட் 75 கிராம், 13:0:45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் 45 கிராம், 0:52:34 என்று விற்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 18 கிராம், மக்னீசியம் சல்ஃபேட் 40 கிராம், கீலேட் நுண்ணூட்டக் கலவை 3 கிராம். நல்ல தண்ணீரில் இது ஈ.சி. 1.9 அளவில் நிற்கும். நட்ட முதல் பத்து நாள் இதில் பாதி. பி.எச். 5.5 முதல் 6.5. கால்சியம் நைட்ரேட்டை மற்றவற்றோடு அடர்கரைசலாக ஒரே வாளியில் கலக்காதீர்கள், சல்ஃபேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளை மாவாகப் படியும், செடிக்கும் கிடைக்காது, சொட்டுவானும் அடைக்கும். இரண்டு வாளியில் தனித்தனியாகக் கரைத்து, 90 லிட்டர் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுங்கள். 19:19:19 மட்டும் வைத்து முழுப் பயிரையும் ஓட்டுபவர்கள் உண்டு. அதில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை, காய்க்கும் காலத்தில் பொட்டாசியமும் போதாது. பஞ்சகவ்யா, மீன் அமிலம் மேல்தெளிப்புக்கு நல்லதுதான், மெல்லிய சொட்டுவானுக்குள் விடாதீர்கள்.

போர்த் தண்ணீர்தான் நம் ஊர்களின் தீராத தலைவலி. தண்ணீரே ஈ.சி. 1.2 என்றால் உரத்துக்கு இடமில்லை, பைகார்பனேட் பி.எச்.சை ஏற்றிவிட, புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாகும். அது இரும்புச் சத்துக் குறை, ஆனால் இரும்பு போட்டால் மட்டும் தீராது. குடிலின் கூரையே இதற்கு மருந்து. 11 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 110 லிட்டர் கிடைக்கும். ஓரத்தில் ஒரு பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் அறுத்துத் தாழ்வாரமாகப் பொருத்தி டிரம்முக்கு இறக்கினால், போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து மாதக்கணக்கில் ஓட்டலாம்.

காய் சொல்லும் குறைகள்

காம்புப் பக்கம் சரியாக இருந்து பூ நுனி கூம்பி ஊசியானால் தழைச்சத்தோ தண்ணீரோ குறைவு. பூ நுனி உப்பினால் பொட்டாசியக் குறை, அல்லது தேனீ புகுந்திருக்கிறது. எது என்று அறியக் காயை நெடுக்காக வெட்டுங்கள், உப்பிய இடத்தில் விதை இருந்தால் வலையில் ஓட்டை தேடுங்கள். நடுவில் இடுப்பு சிறுத்தால் நடுவே ஓரிரு நாள் தண்ணீர் தவறியிருக்கிறது. காய் பிறையாக வளைந்தால் முதலில் அது இலைக்காம்பிலோ கயிற்றிலோ இடிக்கிறதா பாருங்கள், பிறகு இலைப்பேன். கசப்பு இந்த ரகங்களில் அரிது. நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கும் சடங்கு நாட்டு வெள்ளரியின் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருளுக்காக வந்த பழக்கம். பெரும்பாலான குடில் ரகங்களில் அந்தக் கசப்புக்கான மரபணுவையே ஒதுக்கிவிட்டார்கள்.

நோயில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். இலையின் மேல் மாவு தூவியது போல் வந்தால் சாம்பல் நோய். மேலே நரம்புகளுக்கு இடையில் கோணல் கோணலாக மஞ்சள் கட்டம், அதே இடத்தில் இலையின் அடியில் சாம்பல் ஊதாப் பூசணம் என்றால் அடிச்சாம்பல் நோய். சாம்பல் நோய்க்கு ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை காலை வெயிலில் தெளித்தால் ஆரம்ப நிலையில் அடங்கும். கந்தகம் வேலை செய்யும், ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெள்ளரி இலையைக் கருக்கிவிடும். அடிச்சாம்பலுக்கு இலை ஆறு மணி நேரம் நனைந்திருந்தால் போதும், வடகிழக்குப் பருவமழையில் ஒரே வாரத்தில் குடிலை முடித்துவிடும். கூரை ஒழுகாமலும், இலைமேல் தண்ணீர் விடாமலும், அடியிலைகளை எடுத்துக் காற்றோட்டம் கொடுத்தும்தான் இதைத் தடுக்கமுடியும். ரசாயன மருந்து உண்டு, ஆனால் தெளித்தபின் இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்ற கெடு அதன் பெட்டியிலேயே இருக்கும். தினம் பறிக்கும் பயிரில் அத்தனை நாள் காயையும் பறித்துக் குப்பையில் போடவேண்டும்.

வெள்ளை ஈ, அசுவினிக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை, இலைப்பேனுக்கு நீலம், கொடியின் உச்சி மட்டத்தில். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப் கரைசல் கொஞ்சம், மாலையில் இலையின் அடியில் படும்படி. கோடையில் இலை மங்கி ஊசிப்புள்ளியாக வெளுத்தால் செஞ்சிலந்தி. காய்ந்த சூட்டில்தான் அது பெருகும், இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் இலையடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி குறையும். தேமல்போல் பச்சையும் மஞ்சளுமாக இலை சுருங்கிய செடி இருந்தால் வைரஸ் என்று வைத்து அதைப் பிடுங்குங்கள். அந்தக் கத்தியையும் கையையும் சோப்பில் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள், வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ் சாறு பட்டாலே பரவும்.

பறிப்பு

நட்டு 30 முதல் 35 நாளில் முதல் காய். பிறகு தினம், தவறினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் 150 கிராமில் பறிக்கவேண்டிய காய் 300 கிராம் ஆகி, மேலே வரும் ஐந்தாறு பிஞ்சின் பங்கைத் தின்றிருக்கும். காலையில், காம்பை அரை அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் கணுவில் தோல் உரிந்து பூஞ்சைக்கு வாசல் ஆகும். தோல் மெல்லிசாக இருப்பதால் வெளியில் வைத்தால் மறுநாளே தளரும். ஈரத்துணி சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், கதவோரமாக வையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் குழி குழியாக நீர்த்துப்போகும். வாழைப்பழம், தக்காளி இருக்கும் கூடையில் போடாதீர்கள், அவை விடும் எத்திலீனில் மஞ்சளாகும்.

மூன்று மாதம் கடந்து, கொடி 15 அடி ஓடி, காய் வாரத்துக்கு இரண்டு என்று குறைந்தால் எடுத்துவிடலாம். தண்டடியில் வெட்டி, கொடியைக் கயிறோடு சாக்கில் திணித்துக் கட்டியபின் வெளியே கொண்டுபோங்கள், உதறிக்கொண்டே இழுத்துப் போனால் வெள்ளை ஈயெல்லாம் இளஞ்செடிக்குத் தாவும். பையைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக நூல்போல இருந்தால் நார்த்தூளைக் கழுவி, டிரைக்கோடெர்மா கலந்து இன்னொரு பயிர் எடுக்கலாம். மணிமாலைபோல் முடிச்சு இருந்தால் அந்தப் பையின் கலவையை மல்லிகைத் தொட்டிக்குக்கூடப் போடவேண்டாம், மாடியை விட்டே இறக்கிவிடுங்கள்.